அலவாங்கும் துலாவும்: யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் உழைப்பு வரலாறு

புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றைக் காணச் செல்வோரிடம் ஊரவர் ஒரு கதை சொல்வதுண்டு. இலங்கைக்குப் படையொடு வந்த இராமன், வானரரின் தாகந் தீர்க்கும்பொருட்டுத் தன் அம்பினை நிலத்தில் ஊன்றினான் என்பதும், அவ்விடத்தில் பீறிட்ட நீரே இன்றளவும் வற்றாது நிற்கின்றது என்பதும் அக்கதையாம். கதை அழகியது. ஆறில்லா நாட்டில் வாழும் மக்களின் நெடுநாள் ஏக்கம் அதனுள்ளே பொதிந்து கிடக்கின்றது. ஆயின் குடாநாட்டிலுள்ள ஏனைய பல்லாயிரங் கிணறுகளுக்கு எந்த வில்லாளியும் அம்பு எய்யவில்லை. அவற்றைத் திறந்தது அலவாங்கு. அந்த அலவாங்கைப் பிடித்த கைகள் யாருடையவை என்று எமது வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கேட்டதில்லை.

அரசர் கட்டிய கோயில்களையும் வள்ளல்கள் அமைத்த மடங்களையும் பற்றி எழுதியோர் பலர். நிலாவரையின் ஆழத்தை வியந்தோரும் பலர். 1859ஆம் ஆண்டு வெளிவந்த இலங்கை பற்றிய தம் பெருநூலில் சேர் எமர்சன் ரெனன்ற் புத்தூர்க் கிணற்றை விரித்துரைத்தார். ‘யாழ்ப்பாணத்தான் கடும் உழைப்பாளி, கல்லைப் பிழிந்து தண்ணீர் எடுத்தவன்’ என்று நாமே எம்மைப் புகழ்ந்துகொள்வதும் வழக்கமாயிற்று. இப்புகழுரையில் உண்மை இல்லாமலில்லை. எனினும், ‘யாழ்ப்பாணத்தான்’ என்னும் அந்த ஒருமைச் சொல்லுக்குள் நிலமுடையவனும் நிலமற்றவனும், தண்ணீர் அள்ளியவனும் தண்ணீருக்குக் காத்து நின்றவனும் ஒருசேர மறைந்துபோகின்றனர். அவர்களைப் பிரித்தறிவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொண்ட பணி.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஓடுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குலம் பெய்யும் மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றொடு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்து முடிந்துவிடும். அந்நீர் செம்மண்ணை ஊடறுத்துக் கீழேயுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் சென்று தங்குகின்றது. அதற்கும் கீழே கடலின் உவர்நீர் இருக்கின்றது. நன்னீர் பாரங் குறைந்தது. ஆதலின் அது உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை உவர்நீரை அது அழுத்தி வைத்திருக்கும். இவ்விதியை ஒல்லாந்தரான பாடன் கைபனும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே வகுத்துரைத்தனர்.

எண்ணும் எழுத்தும் அறியாத கிணறு வெட்டிகள் இவ்விதியின் பயனைத் தம் தொழிலிலே அறிந்திருந்தனர். ஏனைய நாடுகளில் ஆழமாக வெட்டுபவனே வல்லவன் எனப்படுவான்; யாழ்ப்பாணத்திலோ எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிந்தவனே வல்லவன். ஊற்றுக்கண் திறந்தபின் பேராசையால் மேலும் சில முழங்கள் இறங்கினால், நல்ல தண்ணீர் சவர்த் தண்ணீராக மாறிவிடும். நிலாவரையிலும் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருப்பதை ஆய்ந்தோர் கண்டுள்ளனர்.

இனிக் கிணறு வெட்டும் முறையைக் காண்போம். நிலையம் எடுத்து, நாளும் பார்த்து, வட்டமோ சதுரமோ குறித்தபின் மண்வெட்டி முதலில் இறங்கும். செம்மண் நீங்கியதும் கல் தோன்றும். அதன்பின் மண்வெட்டிக்கு அங்கே வேலையில்லை. அலவாங்கும் பிக்கானும் சம்மட்டியும் ஆப்புமே தொழில் செய்யும். கல்லின் வெடிப்பைத் தேடி ஆப்பு இறுக்கிச் சம்மட்டியால் அடித்துப் பிளப்பர். பிளக்க மறுக்கும் பாறைக்குப் பிற்காலத்தில் வெடி வைத்தனர். பாறையில் இரும்புக் கம்பியால் மணிக்கணக்காகக் குத்தித் துளையிட்டு, மருந்து கெட்டித்து, திரியில் நெருப்பு வைத்துவிட்டு மேலே ஏறி ஓட வேண்டும். வெடிக்காத வெடியைப் பார்க்க மீண்டும் இறங்கியவனின் கதை பல ஊர்களில் உண்டு. உடைத்த கல்லைக் கடகத்தில் நிரப்பிக் கயிற்றால் மேலே இழுப்பர். கீழே நிற்பவன் தலைக்கு மேலே தொங்கும் கல்லையும், அக்கல்லைத் தாங்கும் கயிற்றையும், அக்கயிற்றைப் பிடித்திருக்கும் தோழனின் கையையும் நம்பி நிற்கின்றான். தண்ணீர் கண்டபின் வேலை இன்னுங் கடினமாகும். இடுப்பளவு நீரில் நின்றபடியே கல் உடைக்கவும், ஊறும் நீரை ஓயாது இறைக்கவும் வேண்டும். கோடை முற்றி நீர் மட்டம் தாழ்ந்த காலத்திலேயே இவ்வேலை நடைபெறும். ஆதலின் வெயிலின் கொடுமை மேலே. ஈரத்தின் கொடுமை கீழே.

இவ்வாறு வெளிவந்த கல்லும் வீணாகவில்லை. அது தோட்டத்தின் எல்லை மதிலாயிற்று, கிணற்றுக்கட்டாயிற்று, சூளையில் வெந்து சுண்ணாம்பாகி வீட்டுச் சுவராயிற்று. யாழ்ப்பாணத்துக் கல்வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் கிணறு வெட்டியின் வியர்வையில் ஒரு பங்கு உண்டு என்றால் அது மிகையன்று. கூலி பெரும்பாலும் ஆழக் கணக்கிலே பேசப்பட்டது. இறங்க இறங்கக் கல் இறுகும், கடகம் மேலே செல்லும் தூரம் கூடும், ஆபத்தும் கூடும்.

வெட்டி முடிந்த கிணறு உழைப்பின் முடிவன்று, தொடக்கமே. துலாவை நினைத்துப் பாருங்கள். உயர்ந்த ஆடுகாலின்மேல் நீண்ட துலாமரம். அதன் நுனியிலிருந்து இறங்கும் கயிறு. கயிற்றின் முனையில் பனையோலைப் பட்டை. துலாவின்மேல் ஏறி நின்று முன்னும் பின்னுமாக நடப்பவர் ஒருவரோ இருவரோ. கிணற்று வாயில் நின்று பட்டை பிடித்து நீரைச் சரிப்பவர் ஒருவர். வாய்க்கால் வழியே ஓடும் நீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடுபவர் ஒருவர். கோழி கூவுமுன் தொடங்கும் இறைப்பு வெயில் ஏறும்வரை நீளும். துலாவில் நடப்பவனுக்குப் பிடிமானமாக இருப்பது மெல்லிய கைமரம் ஒன்றே. கால் வழுக்கினால் கீழே கற்கட்டு. அதற்குக் கீழே கிணறு. வானுக்கும் நீருக்கும் இடையே ஒரு நாளில் எத்தனை காததூரம் அவன் நடந்தான் என்று எவரும் அளந்ததில்லை. நடந்தும் அவன் எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

இத்துணை நீர் எதற்கு வேண்டியிருந்தது? குடிப்பதற்கும் குளிப்பதற்கும் மட்டுமெனின் இத்துணைக் கிணறுகள் வேண்டியதில்லை. குடாநாட்டின் தோட்டப் பயிர்ச்செய்கை பெருகியதற்கு முதற் காரணம் புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. மாரி முடிந்தபின் நடப்படும் அப்பயிர் கோடை முழுவதும் இறைப்பை வேண்டி நிற்பது. சந்தை தொலைவிலே திருவிதாங்கூரில் இருந்தது. அச்சந்தையின் விலை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்ப வலிகாமத்துத் துலாவில் ஒரு மனிதனின் கால்கள் ஏறி இறங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு மலாயாவுக்குச் சென்று உத்தியோகம் பார்த்தோர் அனுப்பிய பணமும் நிலமாகவும் கல்வீடாகவும் கற்கட்டுக் கிணறாகவும் மாறியது. இவ்வாறு கிணறு நீர்நிலையாக மட்டுமன்றி மூலதனமாகவும் ஆயிற்று.

மூலதனத்துக்கு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பு எவ்வாறு கிடைத்தது என்பதைத் தேசவழமையே கூறும். ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த அச்சட்டத் தொகுப்பு, நிலம், சீதனம், ஈடு ஆகியவற்றை வகுத்துரைப்பதுபோலவே அடிமைகளையும் உடைமையாக வகுத்துரைக்கின்றது. கோவியர், பள்ளர், நளவர் ஆகியோர் அதிலே அடிமைச் சாதியினராகக் குறிக்கப்படுகின்றனர். 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயின் சட்டம் விடுதலை கொடுத்ததே தவிர நிலம் கொடுக்கவில்லை. நிலவுடைமையாளரின் காணியிலே குடியிருந்தவன் விடுதலைக்குப் பின்னும் அக்காணியிலேயே குடியிருந்தான். அவன் துலாவில் ஏற மறுத்தால் குடிசையை விட்டு இறங்க வேண்டும். இரும்பு விலங்கு கழன்றது. குடியிருப்பு விலங்கு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1958இன் நெற்காணிச் சட்டம் வயலில் உழைத்த குத்தகையாளருக்கு ஓரளவு காப்பளித்தது. தோட்டத்தில் இறைத்தவனோ அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியிலேயே நின்றான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நிலமுடையோர் எல்லாரும் சோம்பியிருந்தனரா? சிறு காணிக்காரர் பலர் தம் மனைவி மக்களோடு தாமே கிணறு வெட்டி, தாமே துலா மிதித்து வாழவில்லையா? வாழ்ந்தனர், அதனை நாம் மறுக்கவில்லை. பங்குக் கிணற்றில் முறை வைத்து நள்ளிரவிலே இறைத்த சிறு விவசாயியின் பாடும் பாடுதான். ஆனால் அவர் தம் கிணற்றிலே தாகம் எடுத்தபோது வாய் நனைத்தார். இறைப்புக்காரனாக வந்த பஞ்சமனோ தன் கையால் இறைத்த நீரைத் தன் கையால் அள்ளிக் குடிக்க உரிமையற்றிருந்தான். கிணறு வெட்டும்போது அதன் அடிவரை இறங்கிய உடல், கிணறு வெட்டி முடிந்ததும் அதன் கட்டினைத் தீண்டலாகாது என்ற விதியைப்போல அறிவுக்குப் பொருந்தாத விதி வேறு உண்டோ? அவ்விதியின் பொருளைச் சமயத்தில் தேடிப் பயனில்லை. பொருளாதாரத்திலே தேட வேண்டும். தண்ணீருக்காகக் காத்து நிற்பவன் கூலிக்காக வாதாட மாட்டான்.

இக்காத்து நிற்றலின் பெரும் பாரம் பெண்கள்மேல் விழுந்தது. ஒடுக்கப்பட்ட சேரிகளின் தாய்மார் குடத்தோடு பிறர் கிணற்றருகே நின்று, யாரேனும் வந்து வார்த்தால் கொண்டுசெல்வதும், வாராவிடின் வெறுங்குடத்தோடு மீள்வதும் எமது பெற்றோர் காலத்து நிகழ்ச்சிகளே. தமக்கெனக் கிணறு வெட்ட முனைந்தோருக்குக் காணி கிடைக்கவில்லை. வெட்டிய கிணறுகள் சாதிச் சண்டையின்போது அசுத்தப்படுத்தப்பட்டன. எழுத்தாளர் கே. டானியல் தம் நாவல்களுள் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். வேறொரு நாட்டில் அப்பெயர் இயற்கை வருணனையாக இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் அது வழக்குரையாக இருந்தது.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. எனினும் ஏட்டிலே இருந்த சட்டத்தை நாட்டுக்குக் கொண்டுவந்தது மக்களின் போராட்டமே. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் நிகழ்ந்த போராட்டங்களும் நன்கறியப்பட்டவை. கோயிற் கதவும் தேநீர்க் குவளையும் நினைவில் நிற்கின்றன. கிணற்றுக் கட்டோ அத்துணை நினைவில் நிற்கவில்லை. ஏனெனில் கிணறு பெரும்பாலும் தனியார் வளவுக்குள் இருந்தது. சட்டமும் ஊர்வலமும் எட்டாத இடம் அது. 1990 முதல் வலிகாமம் வடக்கிலிருந்து போரினால் பெயர்க்கப்பட்ட மக்களுள் நிலமற்ற ஒடுக்கப்பட்டோரே நெடுங்காலம் முகாம்களில் எஞ்சியிருந்தனர். முகாம்களை அடுத்த கிணறுகளில் நீர் அள்ளும் வேளையிலே பழைய வேற்றுமை மீண்டும் தலைகாட்டியதனை ஆய்வாளர் பதிந்துள்ளனர். ஷெல் விழுந்தபோது சாதி பார்க்கவில்லை. வாளி விழுந்தபோது பார்த்தது.

இதற்கிடையில் துலா மறைந்தது. ஐம்பதுகள், அறுபதுகளில் மண்ணெண்ணெயிலும் டீசலிலும் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களிற் பரவின. இயந்திரத்தை நாம் பழிக்கப் போவதில்லை. மனிதனைத் துலாவிலிருந்து இறக்கிய இயந்திரம் வாழ்க என்றே கூறுவோம். துலாவை ஓவியமாக்கி, ‘அந்தக் காலத்து அழகு’ என்று பெருமூச்சு விடுவோர் ஒரு காலைப்பொழுதாவது அதன்மேல் நடந்தவரல்லர். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது இயந்திரங்கள் மேலும் பெருகின; இளைஞர் பலர் தோட்டத்தில் இறங்கினர்; குடாநாடு செழித்தது. ஆயின் இயந்திரத்தொடு ஒரு மாற்றமும் வந்தது. துலாக் காலத்தில் நீர் எடுக்கும் அளவுக்கு மனித உடலின் களைப்பே எல்லையாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. நன்னீர் ஓர் அடி தாழ்ந்தால் உவர்நீர் பல அடி உயரும் என்ற விதி ஏட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்தது. அளவிறந்து இட்ட உரமும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கியது. பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துள்ளமை ஆய்வுகளாற் புலப்பட்டது. குறை இயந்திரத்தில் இல்லை. நிலத்தடி நீரைத் தனித்தனி வளவின் சொத்தாகக் கருதிய எமது எண்ணத்திலே இருந்தது. மேலே வேலி போடலாம். கீழே நீருக்கு வேலி இல்லை.

சுன்னாகத்தில் இது வெளிப்படையாயிற்று. மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்தமையால் சூழவுள்ள கிணறுகள் மாசடைந்தன என்று மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 2019இல் உச்ச நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தலைமுறைகளாகத் தனித்தனியே கிணறு காத்தவர்கள் நீர் எல்லார்க்கும் பொது என்பதை நஞ்சு கலந்தபின்னரே ஒருங்குகூடி உணர்ந்தனர்.

அப்படியாயின் கிணறு வெட்டும் உழைப்பாளி எங்கே போனான்? அவன் மறையவில்லை, பெயர் மாறினான். 2004 திசெம்பர் 26இன் கடற்கோள் கிழக்கிலும் வடக்கிலும் கரையோரக் கிணறுகளை உப்பாக்கியபோது அவற்றை இறைத்துச் சேறு அள்ளியவன் அவனே. அவ்வேளையில் அவசரப்பட்டு இயந்திரத்தால் மிகுதியாக இறைத்த இடங்களில் கீழிருந்த உவர்நீர் மேலேறி, கிணறுகள் தேறுவதற்குப் பதிலாகக் கெட்டன. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்த பழைய தொழிலறிவை அங்கே எவரும் கேட்கவில்லை. 2009இல் போர் முடிந்தபின் மீளக் குடியேறியோரின் இடிந்தும் தூர்ந்தும் கிடந்த கிணறுகளில் முதலில் இறங்கியவனும் அவனே. உள்ளே கல் இருக்குமோ, வெடிக்காத குண்டு இருக்குமோ என்றறியாமல் நாட்கூலிக்கு இறங்கினான். இன்று குழாய்க் கிணறு துளைக்கும் கொம்பனிகளில் புழுதியிலும் இரைச்சலிலும் நின்று இரும்புக் குழாய்களைத் தோளிற் சுமந்து பொருத்துபவனும் அவனே. கருவி மாறியது; வேலை முடிந்த மாலையில் வீட்டுக்கு அனுப்பப்படும் நிலை மாறவில்லை.

ஆபத்தும் மாறவில்லை. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் ஒட்சிசன் குறைந்திருக்கும். கிணற்றுக்குள் இறக்கி இயக்கிய இயந்திரத்தின் புகையிலுள்ள காபன் மொனொட்சைட்டு மணமற்றது, கண்ணுக்குத் தெரியாதது. முதலில் இறங்கியவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கியவனும் விழ, ஒரே வீட்டில் இரண்டு மூன்று சாவுகள் நிகழ்ந்த செய்திகளை நாம் படித்துள்ளோம். இரண்டாவதாக இறங்கியவன் அறிவீனன் அல்லன். தோழனைக் கைவிட மறுத்தவன். இடுப்பிற் கட்டிய கயிறும், இறங்குமுன் காற்றோட்டமும், இயந்திரத்தை மேலே வைத்தலும் இருந்தால் இச்சாவுகளைத் தடுக்கலாம். வேலையாட்களுக்கான நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் எமது நாட்டில் இருந்துவருகின்றது. ஆயின் எழுத்து ஒப்பந்தமோ பதிவோ இல்லாமல் வாய்ப்பேச்சில் அமர்த்தப்பட்ட ஒருவனின் விதவை, தன் கணவன் யாருடைய வேலையாள் என்று எவ்வாறு நிறுவுவாள்? மற்றைத் தொழிலாளருக்குக் காப்பளிக்கும் சட்டத்தின் நிழல் கிணற்றின் அடிவரை விழுவதில்லை.

எமது வாசகருள் ஆசிரியர் பலர், மாணவர் பலர். அவர்களிடம் நாம் ஒன்று கேட்கின்றோம். உங்கள் ஊரின் கிணறுகளை எண்ணத் தொடங்குங்கள். ஒவ்வொன்றும் எப்பொழுது வெட்டப்பட்டது, யார் வெட்டினர், என்ன கூலி பெற்றனர், அவர்களின் மக்கள் அக்கிணற்றில் நீர் அள்ளினரா என்று முதியவர்களைக் கேட்டெழுதுங்கள். விடை சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். துலாவில் நடந்த கால்கள் பல ஏற்கெனவே மண்ணுக்குட் போய்விட்டன. கிணற்றுக்கட்டில் வள்ளலின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டால் அதனையும் எழுதிக்கொள்ளுங்கள்; அதன் கீழே, பொறிக்கப்படாத பெயர்களுக்கென ஒரு வரியை விட்டுவையுங்கள்.

அவ்வரியை நிரப்புவதோடு எம் கடமை முடியாது. இன்று கிணற்றில் இறங்குபவனின் இடுப்பிலே கயிறு உண்டா, அவன் பெயர் எந்தப் பதிவிலாவது உண்டா, வேலை முடித்து மேலே வந்தவனுக்கு அக்கிணற்றுத் தண்ணீர் எந்தக் குவளையில் கொடுக்கப்படுகின்றது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டார் குடிக்கும் குவளையிலேயே கொடுக்கப்படுமாயின் எமது வரலாறு ஓர் அடி முன்னேறியுள்ளது. அல்லவெனின், எத்துணை ஆழம் வெட்டியும் நாம் இன்னும் நல்ல தண்ணீரைக் காணவில்லை.